என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை

தங்கச்சி,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. கேஸ்காரர் வந்தால் காலி சிலிண்டரைக் கொடு.

நேற்று நான் பேசாமல் படுத்ததற்குத் தலைவலி காரணமில்லை. சமுதாயக் கல்லூரி வாசலில் கம்ப்யூட்டர் சார் என்னை நிறுத்தினார்.

"முழங்கால் எப்படிம்மா இருக்கு? மாடி மாடியா ஏறி கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கிற வேலை, அக்காவுக்கு முடியாதுன்னு உங்க தங்கச்சி சொல்லுச்சு. அதான் இன்டர்வியூவுக்கு அது பேரை மட்டும் குடுத்தேன்."

"இப்ப பரவாயில்ல சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னை அங்கே காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை.

பத்து மாதம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டினோம். "நீ இல்லேன்னா நான் அம்பேல்க்கா" என்று தோளில் சாய்ந்துகொண்டே குழி பறித்திருக்கிறாய்.

இன்று மதியம் வரை பெயர் கொடுக்கலாமாம். சாரிடம் உண்மையைச் சொல்லத்தான் போகிறேன். நாளை இன்டர்வியூவுக்கு நானும் வருவேன்.

சாவியை எடுத்துப் போகிறேன், நீ உள்ளே தாழ் போட்டுக்கொள்.

பி.கு. உன் நீலச் சட்டையையும் சேர்த்துத் தேய்த்து வைத்திருக்கிறேன். நாளை இருவருக்கும் ஒரே பஸ்தான். பக்கத்தில் உட்கார்ந்துகொள். பேச மட்டும் செய்யாதே.

அக்கா