கார் ஏறாத வீடு

ராஜபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

ஜெயசித்ரா எழுதுகிறேன். நானும் மாமாவும் சுகம். நம் மகள் கல்பனா மதுரையில் நர்சிங் ஹாஸ்டலில் நன்றாக இருக்கிறாள். அந்தக் குளிரில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உங்களை சிக்னல் இல்லாத மலைக்கு மாற்றியதிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு பைத்தியக்காரி மாதிரி சுற்றுகிறேன். தளவாய்புரத்து கௌதம்ராஜ் லீவு முடிந்து உங்கள் யூனிட்டுக்குத்தான் திரும்புகிறான். அவன் கையில் இந்தக் கடிதத்தையும், பருப்புப்பொடியும் சாத்தூர் சேவும் கொடுத்துவிட்டிருக்கிறேன். சேவு குறைந்திருந்தால் அவனைக் கேளுங்கள்.

முதலில் வீட்டைப் பற்றி. பால் காய்ச்சிய அன்று வீடியோவில் நீங்கள் பார்த்தது அதன் முகத்தை மட்டும். குணம் எனக்குத்தான் தெரியும். பாத்ரூமில் தண்ணீர் போக வேண்டிய பக்கம் போகாமல் ஹாலைப் பார்த்து வருகிறது. குளித்துவிட்டு விளக்குமாற்றோடு அதை விரட்ட வேண்டும். படுக்கையறை சுவிட்ச் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே போய்க் கதவைச் சாத்தி, சுவரைத் தடவி லைட் போடுகிறேன். காண்டிராக்டர் அழகுராஜாவிடம் சொன்னால், "செத்த அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்கக்கா" என்கிறான். வீட்டைக் கட்டியவனுக்கு அதில் குடியிருக்கும் தண்டனை இல்லையே!

இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கார் விஷயம்தான் பெரிதாகிவிட்டது. கார் ஏறவில்லை என்று மட்டும்தான் அப்போது போனில் சொன்னேன், முழுக்கதை இது.

நீங்கள் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து பிளான் வரைந்தீர்கள். உங்கள் கண்ணில் அங்குள்ள அகலமான ரோடுதான் இருந்திருக்கும். நம் தெருவில் இரண்டு பைக் எதிரெதிரே வந்தாலே ஒன்று நின்று வழிவிட வேண்டும். அதற்கு மேல் ஸ்ரீவில்லிபுத்தூர் வாஸ்துக்காரர் வந்து, கேட்டை வடகிழக்கு மூலைக்கு நகர்த்தச் சொன்னார். அழகுராஜா போட்டோ அனுப்பினான், நீங்களும் சரி என்றீர்கள். அந்த மூலைக்கு நேரே நிற்கும் கரண்ட் கம்பம் போட்டோவில் இல்லை.

உங்கள் அப்பாவாயிற்றே, மாமா செய்தது வேறு. எதிர்வீட்டு பாண்டிதுரை அண்ணனுக்கும் அவருக்கும் சேத்தூர் வயலில் வாய்க்கால் தண்ணீருக்காக வந்த சண்டை உங்களுக்குத் தெரியும். பாண்டிதுரை அண்ணன் வீட்டுக்கு மூன்றடி பேஸ்மட்டம் என்று கேள்விப்பட்டதும், "ஏலே, அவன் வீட்டவிட ஒரு அடி ஒசந்து நிக்கணும்லே" என்று கொத்தனாரிடம் சொல்லி நான்கடி ஏற்றிவிட்டார். வெளியே சாக்கடை வாறுகால் ஓடுகிறது, கார் ஏறும் சரிவைத் தெருவுக்கு நீட்ட முடியாது. கேட்டுக்கு உள்ளேயே செங்குத்தாகப் போட்டார்கள். ஆட்டுக்குட்டி ஏறும், கார் ஏறாது.

நீங்கள் மிலிட்டரி கேன்டீனில் பதிந்த கார் வந்த அன்று தெருவே கூடி நின்றது. ஷோரூம் பையன் முன்னால் எடுத்தான், பின்னால் எடுத்தான், கம்பத்தில் கண்ணாடி உரசியது. எப்படியோ திருப்பி ஏற்றினால் அடிவயிறு தட்டி நின்றுவிட்டது. "ஓட்டத் தெரியாதவன அனுப்பிருக்கானுவ" என்று மாமா கத்தினார். மறுநாள் வேறு டிரைவர் வந்தான், அவனாலும் முடியவில்லை. மாமா துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கார் தெருமுனையில் கல்யாண மண்டபத்து ஓரம் நின்றது. முகூர்த்த நாளில், வண்டியை எடுங்கள் என்று ஆள் வந்துவிடும். எடுக்க யார் இருக்கிறார்கள்? தினமும் காலையில் போய்த் துடைப்பேன். துடைத்ததும் உள்ளே கொஞ்ச நேரம் உட்காருவேன். ஸ்டீயரிங் பக்கம் உட்கார்ந்ததில்லை மச்சான், அது உங்கள் இடம். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து, வத்திராயிருப்புக்கு உங்கள் அக்கா வீட்டுக்குப் போகிற மாதிரி நினைத்துக்கொள்வேன். சிரிக்காதீர்கள். சில நாள் அழுதும் இருக்கிறேன்.

போன வியாழக்கிழமை கௌதம்ராஜ் வந்தான். காபி குடித்துக்கொண்டே, "மதினி, அண்ணன் இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ் எக்ஸ்டென்சனுக்கு எழுதிக் குடுக்கப் போறாவளாம். அந்த போர்டிகோவ இடிச்சுக் கட்டணும்னு சொன்னாவ" என்றான். நீங்கள் என்னிடம் சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்துவிட்டான், பாவம். நானும் தெரிந்தவள் மாதிரி தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன். என்னிடம் ஏன் மறைத்தீர்கள்?

அழுது முடித்ததும் கோபம் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே பாண்டிதுரை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டை ஒட்டி வேலி போட்ட காலி மனை கிடக்கிறது. கேட்டும் அகலம், தரையும் தெரு மட்டம். கார் நிறுத்த இடம் தருவீர்களா என்று கேட்டேன். "அதுக்கென்னம்மா, தம்பி வண்டி தாராளமா நிக்கட்டும். அண்ணாச்சி சம்மதிச்சுட்டாவளா?" என்றார். இல்லை, மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றேன். அவர் சிரித்துவிட்டு கேட் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். கௌதம்ராஜ்தான் அன்று சாயங்காலமே காரை உள்ளே விட்டான். ஒரே திருப்பில் போய்விட்டது.

மாமா நம் உயரமான போர்டிகோவில் நின்று முழுவதையும் பார்த்தார். "எவன் வாசல்ல போயி நின்னுட்டு வந்திருக்க" என்று ஒரே ஒரு வார்த்தைதான். பிறகு பேச்சே இல்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், தட்டைப் பார்த்தபடியே எழுந்து போவார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நேற்று ராத்திரி அவராகவே, "அந்தக் கேட்டப் பூட்டுனியா தாயி, நாய் வந்து சீட்டக் கிழிச்சிரப் போகுது" என்றார். எனக்கு அது போதும்.

ஆக, கார் நிற்க இடம் வந்தாயிற்று. எதையும் இடிக்க வேண்டாம். போர்டிகோவில் நான் வடகம் காயப்போட்டிருக்கிறேன். அதற்காகவே கட்டிய மாதிரி நல்ல வெயில்.

இரண்டு வருடம்தானே என்பீர்கள். உங்கள் தங்கச்சி கல்யாணத்துக்காக ஒரு தடவை சர்வீஸை நீட்டிக்கொண்டு இருந்தீர்கள். மனை வாங்க ஒரு தடவை, கான்கிரீட் போட ஒரு தடவை. எல்லாம் நியாயம்தான். நானும் சரி சரி என்றேன். கல்பனா வளர்ந்ததைக்கூட நீங்கள் லீவு லீவாகத்தான் பார்த்தீர்கள். இப்போது அவளும் வெளியூர் போய்விட்டாள். இந்தத் தடவை நான் சரி என்று சொல்லமாட்டேன்.

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியாது. எனக்கு முன்தலை பூராவும் நரைத்துவிட்டது. நீங்கள் லீவுக்கு வருவதற்கு முந்தின நாள் டை அடித்துவிடுவேன், சாயம் வெளுக்கும் முன் நீங்கள் ரயிலேறிவிடுவீர்கள். இனி அடிக்கப் போவதில்லை. வந்து பார்த்து கேலி செய்யுங்கள். கிழவி ஆகிவிட்டாய் என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு நான் இரண்டு நாள் பேசாமல் இருக்க வேண்டும், நீங்கள் சமாதானம் செய்ய வேண்டும். லீவில் அதற்கெல்லாம் நமக்கு நாள் போதவில்லை, பயந்து பயந்து நான் கோபிக்காமலே இருந்துவிட்டேன்.

அந்த எக்ஸ்டென்சன் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள் மச்சான். குலசாமி உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்களிடம் சண்டை போடக் காத்திருக்கும்,
ஜெயசித்ரா