உம்மாவின் நிறம் சரியாக விழுந்த லெப்டொப்

வாப்பா,

புது லெப்டொப்பின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பொலித்தீனை உரிக்கும்போது ஒரு மணம் வரும். புதுச் செருப்புக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒரு மணம். இன்று பகல் கல்முனைப் பெரிய தெருவில், ஒரு கடையின் கண்ணாடி மேசைக்கு முன்னால் அந்த மணம் என் மூக்கில் ஏறியதும் பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். நீங்கள் இல்லை. நீங்கள் மவுத்தாகி மூன்று மாதமாகிறது. வந்தவர் போனவரெல்லாம் ஸப்ர் செய் மகன், பொறுமையாக இரு என்று சொல்லிச் சொல்லியும் எனக்கு ஏறாத செய்தி, அந்தப் பொலித்தீன் மணத்தில்தான் ஏறியது.

நான் போனது பழைய லெப்டொப்பைத் திருத்தி எடுக்கத்தான். கடைக்காரர் அதை மூன்று கிழமை வைத்திருந்து, கொழும்புக்கும் அனுப்பிப் பார்த்திருக்கிறார். "தம்பி, உள்ளுக்குத் தண்ணி போய்க் கிடக்கு. ஹாட் டிஸ்க் செத்துப் போச்சு. ஒண்டும் எடுக்கேலாதாம்," என்றார். பிறகு, "முக்கியமா ஏதும் இருந்ததா?" என்று கேட்டார்.

"ஒரு படம்," என்றேன்.

"ஒண்டுதானா?" அவருடைய முகத்தில் நிம்மதி தெரிந்தது. ஆயிரக்கணக்கில் பறிகொடுத்தவர்களை அவர் கண்டிருப்பார். பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, லெப்டொப் இல்லாமல் கெம்பஸுக்குத் திரும்பிப் போக முடியாது என்று சொன்னேன். இரண்டு புதுப் பெட்டிகளைக் கொண்டுவந்து உரிக்கத் தொடங்கினார்.

அந்த ஒரு படம் எது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எனக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்து, முதல் லெப்டொப் எடுக்க நீங்கள் என்னைக் கூட்டிப் போன நாள் நினைவிருக்கிறதா? யுத்தம் முடிந்துவிட்டதென்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த கிழமை அது. தெருவில் எங்கோ பட்டாசு வெடித்தது. பட்டாசுதான் என்று நிச்சயப்படும்வரை நீங்கள் என் கையை விடவில்லை. நான் கெம்பஸ் பொடியனாகிவிட்டேன், என் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் நடக்கிறாரே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. உங்கள் சேர்ட் பையில் ஒரு சீடி நீட்டிக்கொண்டிருந்தது.

முதல் கடையில், "காக்கா, இந்த விலைக்கு நல்ல டெஸ்க்டொப் எடுக்கலாம். பெரிய ஸ்க்ரீன். புள்ளைக்குப் படிக்க லேசு," என்றார்கள்.

"அது மூடுமா?" என்று கேட்டீர்கள்.

"என்ன காக்கா?"

"வேலை முடிஞ்சா மூடி வெக்கலாமா எண்டு கேக்கன்."

அது மூடாது என்று தெரிந்ததும் எழும்பிவிட்டீர்கள். "மூடாத சாமான் எங்களுக்கு வேணாம்" என்று வாசலில் நின்று ஒருமுறை சொல்லிவிட்டும் வந்தீர்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்குள் உருவப்படம் வைத்திருப்பது உங்களுக்கு ஆகாது. சுவரில் மாட்டவும் மனம் வராது, பார்க்காமல் இருக்கவும் மனம் கேட்காது. லெப்டொப் என்றால் திறந்தால் படம் இருக்கும், மூடினால் இருக்காது. இந்தச் சமாதானத்தை நீங்களாகவே கண்டுபிடித்து, மார்க்கம் படித்த ஒரு ஆலிமிடமும் கேட்காமல் வைத்துக்கொண்டீர்கள். கேட்டால் இல்லையென்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

சுனாமியன்று நாங்கள் இருவரும் சவளக்கடை வட்டையில் வயலுக்குப் பசளை எறிந்துகொண்டிருந்தோம். கூலிக்கு வரவேண்டியவர் வரவில்லை என்பதால்தான் என்னையும் இழுத்துப்போனீர்கள். கடல் வருகிறது, கடல் வருகிறது என்று சனம் ஓடிவந்தபோது, கடல் எப்படி வரும் என்று நீங்கள் அவர்களோடு வாதாடினீர்கள். கல்முனைக்குடியில், கடற்கரைக்கு இரண்டு வளவு தள்ளி, உம்மாவுக்குச் சீதனமாகக் கிடைத்த எங்கள் வீட்டின் படிக்கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. உம்மாவை மறுநாள் நீங்கள் கண்டெடுத்தீர்கள். என்னைப் பார்க்க விடவில்லை. ஐந்து வயதுத் தங்கச்சி கிடைக்கவே இல்லை.

உம்மாவின் முகத்தைப் பார்க்க ஒரு படமும் இருக்கவில்லை. அடையாள அட்டை உம்மாவோடு போய்விட்டது. கூடாரத்தில் இருந்தபோது ஒருநாள், "உம்மாக்கு மூக்குக்குப் பக்கத்துல மச்சம் வலதா, இடதா?" என்று என்னிடம் கேட்டீர்கள். எனக்கும் தெரியவில்லை. அன்றைக்கே நிந்தவூருக்கு பஸ் ஏறிப்போய், உம்மாவின் தங்கை, என் சாச்சியின் கல்யாண அல்பத்தைத் தாள் தாளாகப் புரட்டி, கடைசி வரிசையில் யாருடையதோ தோளுக்குப் பின்னால் நின்ற உம்மாவைப் பிடித்தீர்கள். முக்காடு போட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற உம்மா. மச்சம் இடது பக்கம். சாச்சி தன் கல்யாணப் படத்தைத் தர மாட்டேன் என்று அழுதா. ஒரு பகலுக்கு மட்டும் இரவல் வாங்கி ஸ்டூடியோவில் கொடுத்து, அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி ஒரு சீடியில் ஏற்றி வாங்கி வந்தீர்கள். அதைப் போட்டுப் பார்க்க எங்கள் தகரக் கொட்டிலில் ஒன்றும் இருக்கவில்லை. நாலு வருஷத்துக்கு மேல் அது உங்கள் சேர்ட் பையிலேயே இருந்தது.

இரண்டாவது கடைக்காரர் எங்களுக்கு ரேம் பற்றியும் பற்றரி பற்றியும் விளக்கினார். நீங்கள் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, சீடியை நீட்டினீர்கள். "இதப் போட்டுக் காட்டுங்க." உம்மா திரையில் வந்தா. சுண்ணாம்பு வெள்ளையில் வந்தா. "இது அவ இல்ல," என்றீர்கள். அடுத்த லெப்டொப்பில் காய்ச்சல்காரி மாதிரிச் சிவந்திருந்தா. "காக்கா, நிறத்தக் கூட்டலாம், குறைக்கலாம். கரைச்சல் இல்ல," என்று அவர் ஏதோ அழுத்தப் போனார். நீங்கள் அவர் கையைத் தடுத்தீர்கள். "கூட்டிக் குறைக்கிற நிறம் வேணாம் தம்பி. அவ எப்பிடி இருந்தாவோ அப்பிடிக் காட்டுற பெட்டியத் தாங்க."

ஐந்தாவதோ ஆறாவதோ பெட்டியில் உம்மாவின் மாநிறம் அப்படியே விழுந்தது. அடுப்படியிலிருந்து எழும்பி வரும்போது இருக்கும் நிறம். நீங்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஓம். இதான்," என்றீர்கள். அது கடையிலேயே மெதுவான லெப்டொப் என்று எனக்குப் பிறகு கெம்பஸில் தெரிந்தது. நான் ஒரு பாடக்குறிப்பைத் திறப்பதற்குள் நண்பர்கள் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுவார்கள். "உன்ட லெப்டொப்ப யார்ரா தெரிஞ்செடுத்தது?" என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன் வாப்பா.

வரும் வழியில் செக் பொயின்டில் ஆமிக்காரன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். திறந்து, லெப்டொப்பையும் திறக்கச் சொன்னான். கடையில் மூடாமல் விட்ட உம்மாவின் படம் அப்படியே எழும்பி வந்தது. "கவுத?" யார் என்று கேட்டான். உங்களுக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவும் அன்றைக்குத்தான் செலவானது. "மகே நோனா," என் மனைவி என்றீர்கள். "சுனாமி?" என்று கேட்டான். தலையாட்டினீர்கள். அவனே மூடியைத் தாழ்த்தி, இரண்டு கையாலும் எடுத்துத் தந்தான்.

லீவுக்கு நான் வரும் ஒவ்வொரு முறையும், அஸர் தொழுதுவிட்டு வந்து கை கழுவித் துடைத்துக்கொண்டு கதிரையில் இருப்பீர்கள். "மகன், ஒருக்காத் திற." திறப்பேன். பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் நீங்களே மூடுவீர்கள். கடைசியாக நான் வந்தபோது, பயணப் பையைக் கட்டிக்கொண்டிருக்கையில் கதவடியில் நின்று, "இந்த முறை இத இஞ்ச வெச்சிட்டுப் போறியா?" என்று கேட்டீர்கள். "அசைன்மென்ட் கிடக்கு வாப்பா, இது இல்லாம ஏலாது," என்றேன். "ஓம் ஓம், படிப்புத்தான் முக்கியம்," என்று பையின் வாரைப் பிடித்து என் தோளில் மாட்டிவிட்டீர்கள். அசைன்மென்ட் இருந்தது உண்மை. நண்பன் ஒருவனுடையதை இரவல் வாங்கியிருக்கலாம் என்பதும் உண்மை.

இந்த மாரியில் அடித்த வெள்ளத்தில்தான் உங்களுக்கு நெஞ்சு நொந்தது. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு என்றார்கள். எனக்குச் செய்தி வந்து, கண்டியிலிருந்து பஸ் மாறி மாறி வந்தால், மாவடிப்பள்ளியில் பாதைக்கு மேலே வெள்ளம். டிரக்டர் பெட்டியில் சனத்தை ஏற்றினார்கள். எனக்கு இடம் கிடைக்கவில்லை. காத்திருக்கப் பொறுமையும் இல்லை. இறங்கி நடந்தேன். நடுவில் கால் இழுபட்டு விழுந்தேன். முதுகில் லெப்டொப் பை. நான் வீட்டு வாசலுக்கு வந்தபோது ஜனாஸாவை அடக்கிவிட்டு ஆட்கள் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். உங்கள் முகத்தையும் நான் பார்க்கவில்லை. அதே வெள்ளம் சாச்சி வீட்டுக்குள்ளும் போயிருந்தது. அல்பம் ஊறி ஒட்டிக் கிடந்ததாம். தாளைப் பிரிக்க உருவமெல்லாம் வழுக்கிக்கொண்டு வந்ததாம். உங்கள் சீடி பையில் கிடந்து தேய்ந்து எப்போதோ செத்துவிட்டது. இன்னொரு பிரதி எடுத்து வைக்க ஐந்து நிமிஷம் போதும். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு வருஷம் போக்கியவன் நான்.

கடைக்காரர் இரண்டு லெப்டொப்பையும் எனக்கு முன்னால் திறந்து வைத்தார். இரண்டிலும் ஏதோ ஒரு நாட்டு மலை. "எது நல்லாக் காட்டுது, பாருங்க," என்றார். போட்டுப் பார்க்க என்னிடம் ஒன்றும் இல்லை. உம்மா இல்லாத பெட்டி, எதுவென்றாலும் சரி என்றேன். அவர் நல்ல மனிதர். "உம்மாட படமா அது? வீட்டுல பழைய அல்பம் இருக்கும்தானே? கொண்டு வாங்க தம்பி, சும்மாவே ஸ்கேன் பண்ணித் தாறன்," என்றார்.

வாப்பா, இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அல்பம் இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. சுவரில் உருவப்படம் மாட்டாதீர்கள், அப்படியான வீட்டுக்கு வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்று மதரசாவில் ஹஸ்ரத் ஒருநாள் சொன்னார். சுவரில் என்றுதான் சொன்னார். எங்கள் வீட்டுச் சுவரில் கஃபாவைத் தவிர வேறு படம் இருக்கவில்லை. ஆனால் ஓதலில் முதல் பரிசு எடுத்த திமிர் எனக்கு. கேட்டது அரை, வந்து சொன்னது முழு. அலுமாரிக்குள் இருந்தாலும் ஆகாது என்றேன். உங்களுக்கு அன்றைக்கு என் மேல் எவ்வளவு பெருமை! "என்ட மகன் ஓதிச் சொல்லுறான்" என்று உம்மாவைக் கூப்பிட்டு அல்பத்தை எடுக்கச் சொன்னீர்கள். கிணற்றடியில் குந்தியிருந்து நான் ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தேன், நீங்கள் ஒவ்வொன்றாகக் கிழித்தீர்கள். தங்கச்சி தவழ்ந்த படமும் அதில் இருந்தது. உம்மா பின்னால் நின்று, "கல்யாணப் படம் ஒண்ட மட்டும் உடுங்களன்," என்றா. நீங்கள் கையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"ஒண்டு இருந்தாலும் வரமாட்டாங்க உம்மா," என்று சொன்னது நான்.

அதையும் தந்தேன். அதையும் கிழித்தீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் ஒரு நாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. கூடாரத்தில் இல்லை, கொட்டிலில் இல்லை, புது வீட்டில் இல்லை. கடைசி லீவில் உம்மாவின் படம் திறந்திருந்தபோது நானாகத் தொடங்கினேன். "வாப்பா, அந்த அல்பம்... அண்டைக்கு நான் சொல்லாட்டி..." நீங்கள் சட்டென்று மூடியைத் தாழ்த்தினீர்கள்.

"அல்பம் கடல் கொண்டு போயிட்டு மகன்," என்றீர்கள். "ஊரெல்லாருக்கும் போன மாதிரி எங்கடதும் போயிட்டு. எழும்பு, மஃரிபுக்குப் பாங்கு சொல்லப்போறாங்க."

கடைக்காரர் என் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். கடல் கொண்டு போயிட்டு என்றேன். அவர் கண் கலங்கி, இன்னாலில்லாஹி என்று முணுமுணுத்தார். பிறகு உள்ளே போய், தண்ணீர் போகாத பை ஒன்றைக் கொண்டுவந்து, காசு வேண்டாம் என்று என் கையில் தந்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.