உறையைத் திறந்து பாராமல் வாங்கிய குறுந்தகடு

அனுப்புநர்:
விலங்கியல் துறை விரிவுரையாளரின் கணவர்,
குடிநீர் அலுவலக வரைவாளர்.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக அலுவலகம்.

பொருள்: நூலகத்தின் ஒலி ஒளிப் பிரிவில் அழிப்புக்கெனக் கட்டி வைத்துள்ள பெட்டிகளைத் திறந்து, எங்கள் குறுந்தகட்டைத் தேட அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. என் மனைவிக்குத் தொண்டையில் புற்றுநோய். அறுவை சிகிச்சையில் குரல்வளையையே எடுத்துவிடுவார்கள் என்று தெரிந்ததும், கைக்குழந்தையான எங்கள் மகளுக்காக அவர் தம் குரலை ஒரு குறுந்தகட்டில் பதித்தார். கதை, அதட்டல், வாய்ப்பாடு, என்னைப் பற்றிய இரண்டு மூன்று குறைகள், எல்லாம் அதில் உண்டு. துறையின் ஒலிப்பதிவு அறையில் பதித்தார்; மாணவர் காதில் விழக்கூடாதென்று அங்கிருந்த மூலத்தை அன்றே அழித்துவிட்டார். மை பட்டால் தகடு கெடும் என்று மேலே பெயரும் எழுதவில்லை.

2. மருத்துவமனைக்குக் கிளம்பும் அவசரத்தில், நூலகத்திலிருந்து எடுத்துவந்த பறவைகள் பற்றிய ஆவணப்படத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி உறையை என் கையில் தந்தார். இரவல் வாங்கியதைத் திருப்பாமல் வீட்டை விட்டு நகரமாட்டார். அது அவர் சுபாவம். படத்தின் தகடோ வீட்டில் தகடு ஓட்டும் இயந்திரத்துக்குள் கிடந்தது. மேசைமேல் இருந்த தம் தகட்டை உறைக்குள் வைத்து மூடித் தந்துவிட்டார்.

3. ஒலி ஒளிப் பொருள்களை வெளியே உள்ள புத்தகப் பெட்டியில் போடக்கூடாது, கவுண்டரில் ஒப்படைத்து உறையைத் திறந்து காட்ட வேண்டும் என்று தங்கள் நூலகச் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதி ஒட்டியிருக்கிறது. அதைப் படித்துவிட்டுக் கவுண்டருக்குத்தான் போனேன். அங்கிருந்த ஊழியர் தலை நிமிராமலே, "வெளியில பெட்டியில போட்டுட்டுப் போங்க சார், நாங்க பாத்துக்கிறோம்" என்றார். போட்டேன். அவர்கள் உறையின் மேலிருந்த பார்கோடை மட்டும் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

4. அடுத்து அதை எடுத்துப்போன மாணவர், படத்தில் ஒரு பறவையையும் காணோம், யாரோ ஒரு அம்மா வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்று புகார் செய்திருக்கிறார். இதை என்னிடம் சொல்லும்போது பிரிவில் சிரித்தார்கள். நானும் மரியாதைக்குச் சிரித்து வைத்தேன்.

5. அசல் தகட்டைக் கேட்டு எங்களுக்குக் கடிதம் வந்த பிறகே நடந்தது விளங்கியது. உடனே வேறொரு உறையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று மட்டும் உறையைத் திறந்தார்கள். தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் கீறல் தேடினார்கள். எங்களுடையது எங்கே என்றேன். நூலகத்துக்குச் சொந்தமில்லாத தகடுகள் பழுதானவற்றோடு சேர்ந்து அழிப்புப் பெட்டிக்குப் போய்விடும், அழிப்பு ஆணையில் கையெழுத்தாகிவிட்டது, பதிவாளர் சொல்லாமல் முத்திரையை உடைக்க முடியாது என்றார்கள். பிரிவுக்குப் பின்னாலுள்ள அறையில் அந்தப் பெட்டிகளை என் கண்ணால் பார்த்தேன். மாதக் கடைசியில் அவை நொறுக்கும் ஆலைக்குப் போகின்றனவாம்.

6. மனைவி பிழைத்துக்கொண்டார். கழுத்திலுள்ள துளை வழியாக மூச்சு விடுகிறார், எழுதிக் காட்டிப் பேசுகிறார். தகட்டைப் பற்றி ஒருமுறைகூட என்னிடம் கேட்கவில்லை. தம் கையால் நேர்ந்தது என்று உள்ளுக்குள் குமைகிறார். இயந்திரத்தின் தட்டை அவ்வப்போது வெளியே இழுத்துப் பார்த்துவிட்டு மூடுகிறார். குழந்தையைக் கூப்பிட வேண்டுமென்றால் கைதட்டுகிறார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

7. யாரையும் தண்டிக்க நான் கேட்கவில்லை. அழிப்பை நிறுத்திவைத்து, பெட்டிகளைத் திறக்க உத்தரவிட வேண்டுகிறேன். ஊழியர்களின் நேரம் வீணாக வேண்டாம். நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கிறேன்.

8. பெயர் எழுதாத தகட்டை எப்படி அடையாளம் காண்பீர்கள் என்று பிரிவுத் தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. குரலைக் கேட்டால் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். தங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் என்னைக் கூப்பிடும் விதத்தை நேற்று நினைத்துப் பார்த்தேன். சொல் வந்தது, குரல் வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போனால், அந்தத் தகட்டையே போட்டுக் காட்டினாலும் இது வேறு யாரோ என்று எடுத்து வைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. தயவுசெய்து அதற்குள் உத்தரவிடுங்கள்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
விரிவுரையாளரின் கணவர்

இடம்: நூலக வரவேற்பறை
நாள்: திங்கட்கிழமை, மாதத்தின் கடைசி வாரம்