கூடையில் இறங்கிய படம்

அக்கா,

இன்று காலை, நான் வேலை செய்கிற இத்தாலிய வீட்டுச் சிஞ்ஞோரா பாண் வாங்கி வரச் சொன்னாள். வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், வேலைக்குப் போகும்போது நீங்கள் நின்று மூச்சை இழுத்துவிட்டுப் போவீர்களே, அதே கடை. எள்ளுத் தூவிய பாண் அப்போதுதான் அடுப்பிலிருந்து வந்திருந்தது. "இஞ்சை பெய்ரூத் மணக்குதடி" என்று சொல்ல நீங்கள் இல்லை. பாணைக் கையில் பிடித்தபடி அங்கேயே அழுதுவிட்டேன். மிச்சக்காசு குறைந்துவிட்டதாக்கும் என்று கடைக்காரி பதறிப்போனாள்.

நம் அறிமுகமே எள்ளுப் பாணால் வந்ததுதானே. பெய்ரூத்தில் நீங்கள் நான்காம் மாடி வீட்டில் வேலை, நான் மூன்றாம் மாடியில். இரண்டு வீட்டுக் கதவும் வெளியே பூட்டியிருக்கும். தெருவில் பாண்காரன் கூவினால் நீங்கள் கயிற்றில் கூடையை இறக்குவீர்கள். ஒருநாள் அந்தக் கூடை என் பல்கனிக்கு நேரே வந்து நின்றது. உள்ளே, மேலே இருந்து எட்டி எடுத்த ஒரு படம். உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் நடுவில், அட்டைப்பெட்டியை விரித்து ஒருத்தி சுருண்டு படுத்திருந்தாள். அது நான்.

வந்த கோபத்தில் தமிழில்தான் கத்தினேன். "ஆரது? என்னைக் கேக்காமல் ஏன் எடுத்தது?"

மேலே இருந்தும் தமிழே வந்தது. "கோவிக்காதை பிள்ளை. நீ ஓம் எண்டாத்தான் அது வெளியிலை போகும். வேண்டாமெண்டால் கிழிச்சுப்போடு."

நான் கிழிக்கவில்லை; கூடையிலேயே திரும்ப வைத்துவிட்டேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது.

உங்கள் மேடத்தின் குடும்பம் அம்மான், குவைத் என்று மாறிய இடமெல்லாம் அவர்களுடைய மகன் எறிந்த, எடுத்த உடனே படத்தை வெளியே தள்ளுகிற அந்தப் பழைய கமராவும் உங்களோடு போனது. வெயிலில் தெருக்கூட்டுகிற வங்காளி, படிக்கட்டுக்குக் கீழே குடியிருந்த எகிப்துக் காவல்காரர், அடுத்தவள் பிள்ளையை மடியில் வைத்தபடி தூங்கி விழுகிற எத்தியோப்பியப் பெண், இவர்களைத்தான் எடுத்தீர்கள். பிறகு நீங்கள் இத்தாலிக்கு வந்து, என்னையும் இங்கே வரவழைத்து மொண்டெல்லோக் கடற்கரைக்குக் கூட்டிப்போனபோது, கடலை எடுங்கோவன் என்றேன். "கடலை எல்லாரும் எடுப்பினம்" என்று கமராவை மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

ஆளுக்கு இரண்டு படம் எடுப்பது உங்கள் வழக்கம். "ஒண்டு வீட்டுக்கு, ஒண்டு உள்ளபடி." எனக்கு வீட்டுப் படம், பெருநாள் விருந்துக்கு ஒத்தாசையாக உங்கள் மேடம் உங்களை எங்கள் மாடிக்கு அனுப்பிய அன்று எடுத்தது. உங்கள் தோட்டைக் கழற்றி என் காதில் போட்டு, பொன்னிறக் கால் வைத்த சோபாவுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தீர்கள். அது மன்னாரில் எங்கள் வீட்டுச் சுவரில், திருஇருதய ஆண்டவர் படத்துக்கு அருகில் இன்னும் தொங்குகிறது. அந்தச் சோபா எங்கள் வீட்டுப் பெருமையாகிவிட்டது.

அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவள் என் அண்ணன் மகள் டிலானி. நீங்கள் கண்ணை மூடிய பிறகுதான் ஒருநாள் போனில் சொன்னாள், குவைத்தில் வீட்டு வேலை சரிவந்துவிட்டதாம். போகாதே என்று எவ்வளவோ சொன்னேன். "நீங்களும் அப்பிடிப் போய்த்தானே மாமி இண்டைக்கு இத்தாலியிலை இருக்கிறியள்" என்றாள். இங்கே கூப்பிடலாம் என்றால், என் வதிவிட அனுமதி, அந்தப் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கவே குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் தவம் கிடக்கிறேன்.

உங்களிடம் கேட்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, நீங்கள் விட்டுப்போன சப்பாத்துப் பெட்டியைத் திறந்து, பல்கனித் தரையில் கிடந்த என்னை வெளியே எடுத்தேன். இத்தனை வருடமாக யாருக்கும் காட்டாத படம். போனில் படம் பிடித்து டிலானிக்கு அனுப்பினேன். ஓம் என்று சொல்ல வேண்டியவள் நான்தானே, அக்கா.

படத்தைப் பார்த்துவிட்டு, டிலானியின் போனில் முதலில் அம்மாதான் கூப்பிட்டார்.

"உன்ரை கட்டில் எங்கையடி?"

"கட்டில் இல்லையம்மா."

"அறை இருக்கெண்டல்லோ எழுதினனி?"

அம்மா போனைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டார். டிலானி மெல்லச் சொன்னாள், "அது அந்தக் காலம் மாமி. இப்ப எல்லாரிட்டையும் போன் இருக்குத்தானே."

படம் தோற்றுவிட்டது. அவள் போகத்தான் போகிறாள் என்று தெரிந்ததும் ஒன்று மட்டும் கேட்டேன். "சோபாவோடை எடுக்கிற படத்தை வீட்டுக்கு அனுப்பு. உள்ளபடி எடுக்கிறதை எனக்கு அனுப்பு. நீ ஓம் எண்டாமல் நான் ஒருத்தருக்கும் காட்டமாட்டன்."

"ஓம் மாமி, அனுப்புறன்."

போன வாரம் குவைத்திலிருந்து வீட்டுக்குப் படம் வந்தது. இரட்டைக் கதவு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் புதுச் சட்டையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அண்ணன் அதைச் சட்டம் போட்டு மாட்டியும்விட்டான். அம்மா என் படத்தைக் கழற்றச் சொன்னாராம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வடிவு என்று அண்ணன் விட்டுவிட்டான்.

எனக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. பாண் ஆறிவிட்டது, சிஞ்ஞோரா மேலே காத்திருப்பாள். படியேறுமுன் வழக்கம்போலப் போனை எடுத்து டிலானிக்கு எழுதினேன்: "மற்றப் படம்?" உடனே பார்த்துவிட்டாள். நேற்றும் பார்த்தாள், முந்தநாளும் பார்த்தாள். பதில் இல்லை. நாளைக்கும் கேட்பேன், அக்கா.