கழுத்தில் அடைப்பு

நாள் 41. காலை 08:10. நிலா நிலையம், குழாய் அறை

இதெல்லாம் கழுத்துக் குழாயில்தான் போய் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். இந்தக் குறிப்பைப் படிக்கிற புண்ணியவான் யாராக இருந்தாலும் அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளவும்.

பெயர் அருமைநாயகம். ஊர் தூத்துக்குடி. இந்த நிலையத்தின் தண்ணீர்க் குழாய் அத்தனையும் என் பொறுப்பு. துறைமுகத்தில் ஒரு கப்பலின் குழாயைக் காது வைத்துக் கேட்டே அடைப்பைக் கண்டுபிடித்தவன். ஜப்பான் என்ஜினியர் ஒருவர் எழுந்து சல்யூட் அடித்தார். பத்தாம் வகுப்பை நான் பாதியில் விடவில்லை, அதுதான் என்னை விட்டது.

என் அக்கா மகள் டாக்டர் பொன்மலருக்கு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ். வயர் மேல் ரப்பர் உரிகிற மாதிரி, நரம்பின் மேலுறை உரிந்துபோகிற நோய். ஏன் உரிகிறது என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவாள், கடைசியில் தெரியாது என்பாள். நான் ஒரே வரியில் சொன்னேன்: கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு. தலையிலிருந்து இறங்க வேண்டியது தேங்குகிறது, தேங்கினது அரிக்கிறது. அடுப்படி சிங்க் பார்த்தவனுக்கு இது தெரியாதா?

சிரித்தாள். பிறகு அதையே ஆராய்வதற்குத்தான் இங்கே வந்தாள். நிலாவில் எடை குறைவு, ரத்தம் மெதுவாக இறங்கும், சின்ன அடைப்பும் பளிச்சென்று தெரியும் என்பது அவள் கணக்கு. ஸ்கேன் எடுக்கிற பெண் காய்ச்சலில் பூமிக்குத் திரும்பியதால் கருவி என் கைக்கு வந்தது. நோய் உள்ளவர்களும் இல்லாதவர்களும் கலந்து வருவார்கள். யார் எவர் என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். கழுத்தில் கருவியை வைத்துப் படம் எடுத்து, நிலாவைச் சுற்றுகிற ஆஸ்பத்திரிக் கப்பலுக்கு அனுப்ப வேண்டும். அவள் அங்கே உட்கார்ந்து பார்க்கிறாள். அவள் கழுத்தையும் கப்பல் ஏறும் முன் நான்தான் படம் எடுத்தேன்.

இந்தக் குறிப்பும் மூடினால் தானாகக் கப்பலுக்குப் போகும். யாரும் படிப்பதில்லை. போகட்டும்.

நாள் 44. முற்பகல் 11:30

அடைப்பேதான்! ரேடியோவில் பொன்மலரோடு பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"மாமா, யார் படம் எதுன்னு பிரிச்சுப் பாத்துட்டோம். நோய் உள்ளவங்க எல்லாருக்கும் கழுத்துக் குழாய் சப்பையா இருக்கு. இல்லாதவங்க ஒருத்தருக்கும் இல்ல. என்னோடதும் சப்பைதான்."

"நான் சொன்னேம்லா, ஏட்டி!"

"சொன்னீங்க, சொன்னீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், அளக்காம சொல்லணும். என் கழுத்துல கருவிய அமுக்கலேல்லா? அமுக்குனா அதுல சிவப்பு லைட் எரியும்."

"அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு தடவகூட எரியல. மயிலிறகு வச்ச மாதிரி வச்சேன்."

"சரி மாமா. நம்புறேன்."

அவளுக்கு இடது கால் மரத்துவிட்டதாம். சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். கப்பலில் இருக்கிற டாக்டர் ஷெரீப், குழாயைத் திறந்து வைக்கக் கழுத்துக்குள் ஒரு கம்பிச்சுருள் வைக்கப்போகிறார். அது நழுவினால் நேராக நெஞ்சுக்குப் போய்விடுமாம். நான் சிரித்தேன். அடைப்பு இருக்கிற இடத்தில் வைக்கிற சுருள் எப்படி நழுவும்? குறுகிய இடம் கவ்விக்கொள்ளாதா? இதைக் கேட்டிருந்தால் அந்த ஜப்பான்காரர்கள் இருவரும் மறுபடி சல்யூட் அடித்திருப்பார்கள்.

நாள் 46. காலை 07:50

சூரியப்புயல். மேலே கப்பலில் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது போகவில்லை. குறிப்புகள் மட்டும் போகின்றன என்று பச்சைப்புள்ளி காட்டுகிறது. இன்றைக்குத்தான் ஆப்பரேஷன். உட்கார முடியவில்லை. இறுக்கமாக இருந்த வால்வுகளையே மறுபடி இறுக்கினேன். ஒன்றின் மரை போய்விட்டது.

சும்மா இருக்காமல் என் கழுத்தையே ஒரு படம் எடுக்கலாம் என்று தோன்றியது. அவள் பிழைத்து வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, இது அடைப்பு, இது அசல் என்று எல்லோருக்கும் காட்டலாம்.

காலை 08:35

என் கழுத்திலும் அடைப்பு.

எனக்கு ஒரு நோயும் கிடையாது. படம் அசையக் கூடாதென்று கருவியை ஊன்றிப் பிடித்திருந்தேன். குழாய் சப்பை. கையைத் தளர்த்தினேன். குழாய் விரிந்தது. ஊன்றினால் சப்பை. தளர்த்தினால் விரிகிறது. வெறும் தண்ணீர் ஹோஸ் மாதிரி.

ஸ்கேனுக்கு வந்தவர்களில் சிலருக்குத் தலை ஆடியது, சிலருக்கு உடம்பே சாய்ந்தது. விழுந்துவிடக் கூடாதே என்று அவர்களை மட்டும் இறுக்கிப் பிடித்தேன். பின்னால் ஒரு கை, முன்னால் கருவி. நன்றாக நின்றவர்களை அப்படிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. நின்றவர்களுக்கு அடைப்பு இல்லை. ஆடினவர்களுக்கு...

பொன்மலர் ஆடினாள். அவளை எல்லோரையும்விட இறுக்கிப் பிடித்தேன்.

காலை 08:52

ரேடியோவில் ஷெரீப்: "அருமைநாயகம் அண்ணாச்சி, கேக்குதா? மயக்கம் குடுத்தாச்சு. தூங்குறதுக்கு முன்னாடி, மாமா இப்ப என்ன கதை விட்டுக்கிட்டு இருக்காரோன்னு சிரிச்சாங்க. நீங்க எடுத்த படத்த வச்சுத்தான் உள்ள போறோம். சந்தேகம் ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க."

கத்தினேன். போகவில்லை.

"அண்ணாச்சி?"

அடைப்பு இல்லாத குழாயில் சுருளைக் கவ்வ எதுவும் கிடையாது. கத்தினேன்.

"பதில் இல்ல. சரி, ஆரம்பிக்கலாம்."

காலை 08:55

ஷெரீப் தம்பி, நிறுத்து. அவள் கழுத்தில் அடைப்பு இல்லை. என் கைதான். கப்பலில் யாராவது இதைத் திறங்கள், சிரிக்கவாவது திறங்கள்.

காலை 08:56

அதே குறிப்பை மறுபடி அனுப்புகிறேன். நிறுத்து. படத்தை நம்பாதே.

காலை 08:58

நான் அளப்பேன் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். இதையும் அப்படி நினைத்து மூடிவிடாதீர்கள். ஜப்பான்காரர் ஒருவரா இருவரா என்கிற கதை எப்படியும் போகட்டும். சிவப்பு லைட் எரியவே இல்லை என்று அவளிடம் சொன்னது நான் கட்டிய கதை. அவளைப் படம் எடுத்தபோது அந்த லைட்டை நான் பார்க்கவே இல்லை. கண்ணைக் கூசுகிறது என்று முதல் நாளே அதன் மேல் டேப் ஒட்டிவிட்டேன்.

இப்போது பிய்த்துவிட்டேன். அவளைப் பிடித்த மாதிரியே என் கழுத்தில் வைத்திருக்கிறேன்.

எரிகிறது.