படங்கள் பஸ் ஏறிய மழைநாள்

அண்ணி,

இன்று காலை கூடத்துக்குப் புது ஓவியம் ஒன்று பார்சலில் வந்தது. கட்டைப் பிரித்ததும் வண்ணத்தில் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் வாசனை. படம் இன்னும் முழுசாகக் காயவில்லை. "அண்ணி, வந்து பாருங்க" என்று உள்பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டேன். நீங்கள் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

தொண்ணூற்றொன்றில், தண்டலத்து நெடுஞ்சாலையோரம் இருந்த அண்ணனின் லாரி ஷெட்டுக்கு வெள்ளையடித்து ஓவியக் கூடமாக்கினீர்கள். அண்ணன் போன மறுவருடம் அது. வாடகைக்கு விடச் சொல்லாத ஆள் இல்லை. நீங்களோ நிலக்காட்சி ஓவியங்கள் மட்டும்தான் என்று நின்றீர்கள். சாமி படம் கேட்டு வந்தவர்களைக்கூடத் திருப்பி அனுப்பினீர்கள்.

ஏன் என்று கேட்டேன். "எந்த மூஞ்சியப் பாத்தாலும் எனக்கு ஆறுதல் சொல்ல வருதும்மா. மலையும் ஏரியும் ஒண்ணும் சொல்லாது."

பார்க்க யாரும் வரவில்லை. நாம் இருவர் மட்டும் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அந்த ஐப்பசி மழையில் ஏரி உடைந்து தண்ணீர் ரோட்டுக்கே வந்துவிட்டது. கூரை ஒழுக, தரையில் முழங்கால் தண்ணீர். ஆளுக்கொரு படத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றோம். வேலை முடிந்த ஆட்களோடு வந்த கம்பெனி பஸ் ஒன்று நின்றது.

"இன்னாக்கா, படமா? வண்டில ஏத்துங்க" என்றார் டிரைவர்.

"உள்ள ஆளுங்க இருக்காங்களேப்பா."

"அவங்க நின்னுகினு வருவாங்க. படம் சீட்ல வரட்டும்."

அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள். கைக்குக் கை மாறி ஏரிகளும் மலைகளும் சீட்டில் அமர்ந்தன. மேட்டிலிருந்த மாதா கோவில் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஒன்று மட்டும் தப்பவில்லை. கல்யாணமான புதிதில் நீங்களும் அண்ணனும் சேர்ந்து வாங்கிய, துணியில் நீர்வண்ணம் தீட்டிய படம். துணி மட்டும் மிஞ்சி, வண்ணமெல்லாம் கரைந்திருந்தது. அண்ணன் இறந்தபோது அழாத நீங்கள் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதீர்கள். டிரைவர் தலைத்துண்டை அவிழ்த்து நீட்டினார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் கூடத்து வாசலில் ஒரே செருப்புக் குவியல். பஸ்ஸில் வந்தவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள்.

"நான் தூக்கியாந்தது எதும்மா?" என்று தேடினார் ஒருவர். கண்டுபிடித்ததும் மனைவியை அழைத்து, "இத்தான்" என்று காட்டினார். அவர் மனைவி வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது" என்றாள். நம் ஓவியக் கூடத்தின் முதல் விமர்சனம் அதுதான் என்று வருடக்கணக்கில் சொல்லிச் சிரிப்பீர்கள்.

ஷெட் காய்ந்து படங்கள் திரும்பிய பிறகு, ஷிப்ட் முடியும் நேரங்களில் கூடத்தைத் திறந்து வைத்தீர்கள். அப்போதிலிருந்து ஆள் வராத வாரம் இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது ஷெட் போயிற்று. ஒரகடத்துக்கு வந்தோம். நேரத்தை மட்டும் நீங்கள் மாற்றவே இல்லை.

போன வாரம் ஒரு காலையில், இரவு ஷிப்ட் முடிந்து ஒரு பெண் வந்தாள், கழுத்தில் அடையாள அட்டையோடு. நீங்கள் கடைசியாக வாங்கிய மலைப் படத்தின் முன்னால் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். காவலாளி எழுப்பப் போனார். வேண்டாமென்று கைகாட்டி, முகத்தில் வெயில் படாமல் ஷட்டரைப் பாதி இறக்கினேன். ஒருமணி நேரம் கழித்து விழித்தவள் பதறி எழுந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க மேடம். பாத்துக்கிட்டே இருந்தேன், அசந்துட்டேன்."

"உக்காரும்மா" என்றேன். "இன்னும் நீ பாத்து முடிக்கலியே."

அது என் குரலாகவே இல்லை, அண்ணி.