நன்றாகக் குணமாகிறவர்களுக்கு மட்டும்

செவ்வாய், வடபனி நிலையம்
வாரம் 47 · காலை 06:10

பனி துளைப்பான் சீராக ஓடுகிறது. காற்றழுத்தம் சரி. நாற்பத்தேழாவது இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டேன். வழக்கமான காய்ச்சல், உடம்புவலி.

இதை யார் படிப்பீர்களோ தெரியாது. நான் வடிவு, இங்கே தனி ஆள். எனக்கு நாள்பட்ட ஹெபடைடிஸ் பி, கல்லீரல் நோய்; அதற்குத்தான் வாரம் ஒரு ஊசி. இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மூவாயிரத்தில் தொடங்கியது; இன்று பதினொன்று. அது அடியோடு மறைந்தால்தான் அடுத்த ஆண்டுக் கப்பலில் ஏற்றுவார்கள். பயணத்துக்கான எட்டு மாத உறக்க மருந்தை நோயுள்ள கல்லீரல் தாங்காது. வீட்டில் மகள் முத்தரசிக்கு ஏழு வயது.

வாரம் 48 · மாலை 19:30

பூமியின் மருத்துவக் குழுவிடமிருந்து: "சிகிச்சைக் காலம் நிறைவு. ஒத்துழைப்புக்கு நன்றி."

மருந்துக் குளிர்ப்பெட்டியை அங்கிருந்தபடியே பூட்டிவிட்டார்கள். உள்ளே கூடுதலாக அனுப்பிய இருபத்துநான்கு ஊசிகள். கதவை உடைத்தால் சூடேறிக் கெட்டுவிடும். மருந்து நன்றாகக் கேட்கிறவர்களுக்குச் சிகிச்சையை நீட்டிக்கலாம் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. எடுத்துக்காட்டி எழுதினேன். கொஞ்சம் காரமாகத்தான் எழுதினேன். கரைக்குப் பத்தடி இருக்கும்போது துடுப்பைப் பிடுங்குகிறீர்களே, உங்களில் யாருக்காவது நீச்சல் தெரியுமா என்று கேட்டேன்.

வாரம் 49 · காலை 08:05

குழுவின் டாக்டர் ஹேமலதா: "இன்டர்ஃபெரான் எடுக்கறவங்களுக்கு எரிச்சல், கோபமெல்லாம் சகஜம்மா. உங்க கடிதமே பக்கவிளைவுதான். கோபம் தணிஞ்சப்புறம் நீட்டிப்பு பத்திப் பேசலாம்."

ஆக, என் கோபம்கூட என்னுடையது இல்லை. அதையும் அவர்கள்தான் ஊசியில் அனுப்பியிருக்கிறார்கள்.

தூத்துக்குடியிலிருந்து என் வீட்டுக்காரர் செல்லத்துரை: "வடிவு, கொஞ்சம் தணிஞ்சு போயேன். அவுக கையிலதான சாவி இருக்கு."

வாரம் 53 · காலை 07:00

காய்ச்சல் இல்லை. பசிக்கிறது. புரதம் மறுபடி ஏறி அறுபது.

தங்கள் மேலான கவனத்திற்கு என்று தொடங்கி, பணிவுடன் வேண்டுகிறேன் என்று முடித்தேன். வாழ்நாளில் இப்படி யாருக்கும் எழுதியதில்லை. கூனிக் குறுகிப்போனேன். நல்ல முன்னேற்றம் என்று பதில் வந்தது. இன்னும் எட்டு வாரம் இதே அமைதி நீடிக்கிறதா என்று பார்ப்பார்களாம்.

வாரம் 57

இருநூற்றுப் பத்து. எண்ணை அனுப்பினேன். மனநிலை எப்படி என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எழுத்தில் தெரிந்திருக்காது.

வாரம் 61

எண்ணூற்று நாற்பது. துளைப்பான் நின்றுவிட்டது. சரிசெய்யத் தோன்றவில்லை.

வாரம் 62

டாக்டர் ஹேமலதா: "உங்க மனநிலை இப்ப ரொம்ப நல்லா இருக்கும்மா, குழுவில எல்லாருக்கும் திருப்தி. ஆனா நீட்டிப்பு, மருந்து நல்லா கேக்கறவங்களுக்கு மட்டும்தான். உங்களுக்குப் புரதம் ஏறிடுச்சே."

நன்றி என்று பதில் அனுப்பினேன்.

முத்தரசியின் குரலும் வந்திருக்கிறது: "அம்மா, கப்பல்ல வரும்போது எனக்குச் செவ்வா மண்ணு கொண்டாருவியா?"

இன்னும் பதில் சொல்லவில்லை. முதலில் கோபம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வரவில்லை.